ஆர்லாண்டோ சூப்பர்ஹீரோ ரைடு ரிவ்யூ: ஒரே ஊரு, ரெண்டு பார்க், பங்கு பிரிச்ச ஹீரோக்கள்

ஸ்கூல் லீவுக்கு சார்லட்ல இருந்து கார்லயே ஃப்ளோரிடால இருக்கற ஆர்லாண்டோ போயிட்டு வந்தோம், சாப்பாட்டுக்கு நிறுத்தினது எல்லாம் சேத்து பத்து மணி நேரம் ஆச்சு. நான், வீட்டுக்காரர், 10 வயசு பையன், 6 வயசு பொண்ணு, அப்புறம் ஊர்ல இருந்து வந்திருந்த எங்கப்பா. யுனிவர்சல்ல ஒரு நாள், டிஸ்னில ஒரு நாள். பையனுக்கு சூப்பர்ஹீரோ தவிர உலகத்துல வேற எதுவும் கண்ணுக்கு தெரியாது, அதனால இந்த ரிவ்யூல அந்த ரைடுங்க பத்தி மட்டும்தான் எழுதப்போறேன்.

முதல்ல ஒரு விஷயத்த சொல்லிடணும், ஏன்னா எங்க ஃப்ரெண்ட்ஸ் சர்க்கிள்ல நிறைய பேரு இதுல ஏமாந்திருக்காங்க. இந்த ஹீரோக்கள உருவாக்கின மார்வெல் கம்பெனி டிஸ்னியோடது, அப்ப டிஸ்னிவேர்ல்டு போனா ஸ்பைடர்மேன், ஹல்க், கேப்டன் அமெரிக்கா எல்லாரையும் பாத்துடலாம்னு நெனச்சு டிக்கெட் போடுவாங்க. ஃப்ளோரிடால அப்படி கிடையாது. 1994லயே யுனிவர்சல் பார்க்கோட அன்னைக்கு ஓனரா இருந்த எம்சிஏ கம்பெனி மார்வெல்கிட்ட ஒரு அக்ரிமென்ட் போட்டுடுச்சு, டிஸ்னி மார்வெல வாங்கினது 2009ல, கிட்டத்தட்ட 400 கோடி டாலருக்கு. ஆனா பழைய அக்ரிமென்ட் அப்படியே நிக்குது. மிசிசிப்பி ஆத்துக்கு கிழக்க (ஃப்ளோரிடா அந்த பக்கம்தான்) யுனிவர்சல் யூஸ் பண்ற ஹீரோக்களையும் அவங்க கூட்டத்தையும் வேற பார்க் எதுவும் வெச்சு ரைடு கட்டக்கூடாது, மார்வெல்ங்கற பேரயே பார்க்ல போடக்கூடாது. அதனாலதான் டிஸ்னி தன்னோட அவெஞ்சர்ஸ் கேம்பஸ்ங்கற மார்வெல் ஏரியாவ கலிஃபோர்னியால 2021லயும் பாரிஸ்ல 2022லயும் திறந்துச்சு, ஃப்ளோரிடால திறக்கல. கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸிங்கற விண்வெளி ஹீரோ கூட்டம் மாதிரி யுனிவர்சல் தொடாம விட்டிருந்த ஆளுங்கதான் அங்க டிஸ்னி கைக்கு கெடச்சாங்க. எம்பொண்ணு டிஸ்னிவேர்ல்டோட எப்காட் பார்க் வாசல்ல நின்னு "ஸ்பைடர்மேன் எங்கம்மா?"னு கேட்டப்ப, பாகம் பிரிச்ச வீட்டுல பெரியப்பா பக்கம் இருக்கற மாமரத்த காட்டி சொல்ற மாதிரிதான் சொல்ல வேண்டி இருந்துச்சு, "அவரு நேத்து போனோமே, அந்த வீட்டுல இருக்காருடா"ன்னு.

சரி, யுனிவர்சல் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர். 1999 மே மாசம் திறந்த பார்க், அதுல மார்வெல் சூப்பர் ஹீரோ ஐலண்ட்னு ஒரு ஏரியா. இப்ப வர படங்கள்ல பாக்கற மாதிரி இருக்காது, முழுக்க முழுக்க காமிக்ஸ் புத்தகம். கட்டடத்துல எல்லாம் ஆளுயரத்த தாண்டி தட்டையா வரைஞ்ச ஹீரோக்கள் நிக்கறாங்க, பழைய தியேட்டர் வாசல்ல கட்அவுட் வெப்பாங்களே அதே ஃபீல், எங்கப்பா பாத்த உடனே அதத்தான் சொன்னாரு. பளிச்சுனு ஊதா, மஞ்சள், பச்சை. எனக்கு இது ரொம்ப புடிச்சுது, ஏன்னா நடிகர் முகத்த நம்பி இருந்தா நடிகர் மாறினதும் பழசாயிடும், வரைஞ்ச படத்துக்கு அந்த பிரச்சனை இல்ல. கேப்டன் அமெரிக்காவும் எக்ஸ்மென் ஆளுங்களும் நாலு சக்கர பைக்ல வந்து இறங்குவாங்க, அந்த நேரம் பாத்து தெருவுல நின்னுடுங்க.

இங்க ராஜா ஸ்பைடர்மேன் ரைடுதான். ஸ்பைடர்மேன் கதைல வர டெய்லி பியூகிள் பத்திரிகை ஆபீஸ் மாதிரி கியூ, அதுக்குள்ள போயி 12 பேரு ஏறற ஒரு வண்டில உக்காருறீங்க. வண்டி தண்டவாளத்துல முன்னாடி போகும், அதே நேரத்துல அது நிக்கற தளம் முன்ன பின்ன சாயும், சுத்தும், குலுங்கும். சுத்தி நிஜ செட், நடுநடுவுல 3டி ஸ்கிரீன். வண்டி நகரும்போது நம்ம கண்ணு இருக்கற இடம் மாறுதுல்ல, சாதாரண 3டி படம்னா அப்ப உருவம் கோணலா தெரியும், இவங்க படத்தயே வண்டி போற பாதைக்கு ஏத்த மாதிரி வளைச்சு வளைச்சு செஞ்சிருக்காங்க, அதனால எது செட்டு எது ஸ்கிரீன்னு புடிபடவே இல்ல. டாக்டர் ஆக்டோபஸோட வில்லன் கூட்டம் சுதந்திர தேவி சிலைய திருடிட்டு போறதுதான் கதை. ஹைட்ரோமேன் வந்தா மூஞ்சில தண்ணி தெறிக்கும், ஹாப்காப்ளின் குண்டு போட்டா நெஜ நெருப்போட சூடு கன்னத்துல அடிக்கும்.

எங்கப்பா பஸ் டிப்போல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர்ட் ஆனவரு. "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்"னு வெளிய பெஞ்சுல உக்காந்துக்கறேன்னு சொன்னவர நாங்கதான் இழுத்துட்டு போனோம். ரைடு ஆரம்பத்துல ஸ்பைடர்மேன் மேல இருந்து நம்ம வண்டி முன்னாடி பானெட்ல வந்து குதிப்பான், குதிச்ச அந்த நொடில வண்டி முன்பக்கம் ஒரு அமுங்கு அமுங்கி எந்திரிக்கும். ஸ்கிரீன்ல இருக்கற வெறும் வெளிச்சம்தான், ஆனா ஒரு ஆளோட எடை வந்து விழுந்த மாதிரியே இருக்கும். கடைசில நம்மள வானத்துக்கு தூக்கி 400 அடி கீழ தள்ளி விடுவாங்க, ஸ்பைடர்மேன் வலைல நம்ம வண்டிய புடிச்சு நிறுத்துவான், உண்மைல வண்டி அப்படி ஒண்ணும் கீழ விழல. வெளிய வந்ததும் அப்பா அந்த விழுந்தத பத்தி ஒரு வார்த்த பேசல. "ஏம்மா, அந்த பய குதிச்சான்ல, ஸ்பிரிங் அமுங்கின அளவு பாத்தியா, ஒரு ஆளு வெயிட்டுக்கு அவ்வளவுதான் அமுங்கும், அத எவனோ உக்காந்து அளந்து வெச்சிருக்கான்"னாரு. இந்த ரைட பத்தி நான் கேட்ட பெஸ்ட் ரிவ்யூ அதுதான். 2012ல படத்த புதுசா பண்ணி ஸ்பைடர்மேன உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஸ்டான் லீய அங்கங்க வர வெச்சிருக்காங்க, பையன் அவர தேடறதுக்குன்னே திரும்ப திரும்ப போனான், தாத்தாவும் கூடவே போனாரு. உயரம் 40 இஞ்ச் இருந்தா போதும்ங்கறதால குட்டியும் வந்துச்சு.

அடுத்து ஹல்க் ரோலர்கோஸ்டர். இதுக்கு 54 இஞ்ச் வேணும். ரெண்டு வருஷம் முன்னாடி வந்தப்ப பையன் அளவு கம்பத்துக்கு கீழ நின்னுட்டான், அன்னைலேர்ந்து கிச்சன் கதவு நிலைல பென்சில்ல கோடு போட்டு போட்டு பாத்துட்டு இருந்த புள்ள. இந்த தடவ அந்த கம்பம் தலைல தட்டினப்ப அவன் மூஞ்சில வந்த சிரிப்பு இருக்கே! சாதாரண கோஸ்டர் மாதிரி செயின்ல கடகடன்னு மெதுவா ஏறாது, குகை மாதிரி ஒரு குழாய்க்குள்ள இருந்து ரெண்டே செகண்ட்ல மணிக்கு 40 மைல் வேகத்துக்கு மேல நோக்கி எறியும், குழாய விட்டு வெளிய வந்த உடனே தலைகீழா புரட்டும். மொத்தம் 7 தடவ தலைகீழ், அதிகபட்சம் 67 மைல் வேகம். ஒவ்வொரு தடவ எறியறதுக்கும் அவ்வளவு கரன்ட் வேணும்ங்கறதால சக்கரத்துல சக்திய சேத்து வெச்சு குடுக்கற தனி ஜெனரேட்டரே வெச்சிருக்காங்களாம், அத கேட்டு அப்பா மறுபடி குஷியாயிட்டாரு. தண்டவாளத்த புதுசா மாத்தி 2016ல மறுபடி திறந்தாங்க. போன், பர்ஸ், சில்லற எதையும் பாக்கெட்ல வெச்சுட்டு போக முடியாது, லாக்கர்ல போட்டே ஆகணும், அதுக்கு ஒரு பத்து நிமிஷம் சேத்துக்கோங்க. நாங்க பெரியவங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி குட்டிய பாத்துக்கிட்டு ஏறினோம், அதுக்கு சைல்ட் ஸ்வாப்னு கேட்டா மறுபடி கியூல நிக்க வேண்டாம்.

டாக்டர் டூம் ரைடு மேல தூக்கி எறிஞ்சு இறக்கற டவர், நல்லா இருக்கு ஆனா சட்டுனு முடிஞ்சுடுது. ஸ்டார்ம் ரைடு சுத்தற கப்பு, சின்ன புள்ளைங்களுக்கு.

மறுநாள் எப்காட், கார்டியன்ஸ் கூட்டத்தோட காஸ்மிக் ரீவைண்ட் ரோலர்கோஸ்டர். 2022 மே மாசம் திறந்தது. வெளிய கார்டியன்ஸ் கதைல வர நோவா படையோட விண்கலம் நிஜ சைஸ்ல நிக்குது, உள்ள சாண்டார் கிரகத்துக்காரங்க நமக்கு மியூசியம் காட்டற மாதிரி கியூ, வரிசைல நிக்கறதே ஒரு ஷோ. ஈஸான்னு ஒரு பெரிய உருவம் காலத்துல பின்னாடி போயி பூமியவே இல்லாம பண்ண பாக்குது, அத துரத்தணும். அதுக்காக கோஸ்டர் நம்மள பின்பக்கமா எறியும். இதுதான் விசேஷம், டிஸ்னி இதுக்கு முன்னாடி பின்பக்கம் எறியற கோஸ்டர் செஞ்சதே இல்ல. அப்புறம் ஒவ்வொரு பெட்டியும் போற போக்குல தானா திரும்பிக்கிட்டே இருக்கும், எங்க பாக்கணுமோ அங்க நம்மள திருப்பி காட்டும். இருட்டுல பிரம்மாண்டமா நிலா தொங்குது, அத சுத்தி வழுக்கிட்டு போறப்ப பின்னாடி 70, 80கள்ல வந்த ஆறு பாட்டுல ஏதோ ஒண்ணு அலறும். பொண்ணு 44 இஞ்ச், இதுக்கு 42 போதும், என் கைய புடிச்சுக்கிட்டு பாட்டு முடியற வரைக்கும் கத்திக்கிட்டே வந்தா, பயத்துல இல்ல, சந்தோஷத்துல. வழுவழுன்னு போகும், கழுத்து வலிக்காது. ஆனா பக்கவாட்டுல சுத்திக்கிட்டே போறதால ஊட்டி மலைப்பாதைல வாந்தி எடுக்கற டைப்பா இருந்தா யோசிச்சு ஏறுங்க, சாப்பிட்ட உடனே ஏறவே ஏறாதீங்க.

மெஷினா பாத்தா காஸ்மிக் ரீவைண்ட்தான் ஒசத்தி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அதுல ஹீரோக்கள் ஸ்கிரீன்ல தூரத்துல பேசறாங்க, நாம தனியா பறக்கறோம். யுனிவர்சல்ல ஹீரோ நம்ம வண்டி மேல வந்து குதிக்கறான், கீழ விழறப்ப புடிக்கறான். சூப்பர்ஹீரோன்னா ஒரு புள்ள மனசுல என்ன இருக்குமோ அது அந்த 1999ல கட்டின ரைடுல இருக்கு. இதே ரைடு ஜப்பான்ல யுனிவர்சல்ல 2004ல இருந்து ஓடிட்டு இருந்துச்சு, 2024 ஜனவரில மூடிட்டாங்க. அதனால ஆர்லாண்டோல இருக்கறப்பவே ஒரு தடவ போயிட்டு வந்துடுங்கன்னு பாக்கறவங்க கிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்கேன்.

ஒரு நாள் டிக்கெட்டுக்குதான் பட்ஜெட்னா ஐலண்ட்ஸ் போங்க, கேட் திறந்த உடனே நேரா ஹல்க், அடுத்து ஸ்பைடர்மேன். ரெண்டு நாள்னா மறுநாள் எப்காட். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பசங்கள ஷூ போட்டு செவுத்துல நிக்க வெச்சு அளந்துடுங்க, அங்கயும் ஷூவோடதான் அளக்கறாங்க. எங்க வீட்டு கதவு நிலைல இப்ப பென்சில் கோடு 54ல நின்னுடுச்சு, அதுக்கு கீழ 44ல பொண்ணோட கோடு புதுசா ஆரம்பிச்சிருக்கு.