லைட்ரூமுக்கு எஸ்எஸ்டி: எந்தக் காத்திருப்பு போனது, எது போகவில்லை

படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருள் இழுக்கிறது, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டால் சரியாகிவிடுமா என்று கடலூரில் தொழில் செய்யும் போட்டோகிராபர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதி சரியாகும். எந்தப் பாதி என்று தெரியாமல் பணத்தைப் போட்டால் பிறகு வயிறு எரியும். சாதா ஹார்ட் டிஸ்க், அப்புறம் பழைய சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி, இப்போது அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி என மூன்றிலும் வருடக்கணக்கில் கல்யாண வேலை பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் நல்ல முகூர்த்த நாள் என்றால் நூறு கல்யாணத்துக்கு மேல் நடக்கும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு மூன்று கல்யாணம் எடுத்துவிட்டு வருவது எங்களுக்குச் சாதாரணம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படம்) ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி வரும். நலங்கு, முகூர்த்தம், ரிசப்ஷன் எல்லாம் சேர்ந்தால் ஒரு கல்யாணமே 100 ஜிபியைத் தொட்டுவிடும். இதில் கலர் பார்ப்பதைவிட அதிகம் நேரம் தின்பது செலக்‌ஷன். தாலி கட்டும் அந்த அரை நிமிடத்துக்கு வரிசையாகப் படங்கள் இருக்கும். எதில் மாப்பிள்ளை கண் மூடவில்லை, எதில் அட்சதை பெண்ணின் முகத்தை மறைக்கவில்லை என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் உயிர் போனது இங்கேதான். அம்புக்குறியைத் தட்டினால் படம் மங்கலாக வந்து நிற்கும், பிறகுதான் தெளியும். அதற்குள் முந்தைய படத்தில் என்ன பார்த்தோம் என்பதே மறந்துபோகும். காரணம் எளிது. லைட்ரூம் கிளாசிக்கில் படப் பட்டியலையும் திருத்தங்களையும் வைத்திருக்கும் கேட்டலாக் ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸ். திரையில் காட்டத் தயாரித்து வைக்கும் பிரிவ்யூக்கள் அதன் பக்கத்து ஃபோல்டரில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களாகக் கிடக்கும். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரே பெரிய ஃபைலை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்துவிடும். ஆனால் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் முள் நகர்ந்துபோய், தட்டு சுற்றி வரும்வரை நிற்க வேண்டும். வேகம் ஒன்றிரண்டு எம்பிக்கு விழுந்துவிடும். எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை.

முதலில் வாங்கியது சாட்டா எஸ்எஸ்டி. விண்டோஸ், கேட்டலாக், பிரிவ்யூ, திறந்த ரா படங்களின் தற்காலிகச் சேமிப்பான கேமரா ரா கேஷ் நான்கையும் அதில் வைத்தேன். ரா ஃபைல்களை ஹார்ட் டிஸ்க்கிலேயே விட்டுவிட்டேன். 5 ஜிபியாக இருந்த கேஷை 30 ஜிபியாக ஏற்றினேன். இரவே முழு அளவான ஒன்றுக்கு ஒன்று பிரிவ்யூ கட்டவிட்டுப் படுத்துவிட்டால், காலையில் செலக்‌ஷன் கை போகிற வேகத்துக்கு ஓடும். இத்தனை வருடத்தில் கம்ப்யூட்டருக்குச் செய்த செலவில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது.

அடுத்து என்விஎம்இ. சாட்டா விநாடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும், இது 3,500. காகிதத்தில் ஆறு மடங்கு. லைட்ரூமில் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியவே இல்லை. கார்டிலிருந்து படம் இறக்குவதாவது வேகமாகும் என்று பார்த்தால், யுஎச்எஸ்-1 எஸ்டி கார்டுக்குத் தரப்படி உச்ச வேகமே 104 எம்பிதான். கார்டு கொடுப்பதற்கு மேல் எந்த டிரைவும் வாங்க முடியாது. லைட்ரூமில் திருத்தும் பகுதியான டெவலப்பில் ஸ்லைடரை இழுப்பது பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பார்க்கும் வேலை. எக்ஸ்போர்ட்டும் அப்படியே. ரிசப்ஷன் மேடையில் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த படத்துக்கு புள்ளிகளை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் போடும்போது எஸ்எஸ்டி சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

என்விஎம்இ தன் காசுக்கு வேலை செய்தது ஆல்பம் டிசைனில். 12க்கு 36 அங்குல ஷீட்டை 300 டிபிஐயில் திறந்தால் 10,800க்கு 3,600 பிக்சல். ஷீட்டை நிறைக்கும் ஒரு லேயரே 8 பிட்டில் சுமார் 117 எம்பி. பின்னணி, நிழல், நான்கைந்து படம், மாஸ்க், போதாததற்கு ஹிஸ்டரி என்று சேர்ந்தால் 16 ஜிபி ரேம் தாங்காது. ஃபோட்டோஷாப், ரேம் போதாதபோது பயன்படுத்தும் ஸ்க்ராட்ச் டிஸ்க்கில் கொட்டத் தொடங்கும். அந்த இடத்தில் சாட்டாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்டூ செய்யும்போதே உணரலாம்.

இரண்டாவதாக மலிவான ஒன்றும் வாங்கினேன். "எல்லாம் ஒரே எஸ்எஸ்டிதான் சார்" என்றார் கடைக்காரர். ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் கியூஎல்சி வகை என்பதைச் சொல்லவில்லை. ஒரு கல்யாண ஃபோல்டரை அதற்குக் காப்பி போட்டால் முதலில் பறக்கும். டிரைவுக்குள்ளேயே கேஷாக ஒதுக்கிய வேகமான பகுதி நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே போய்விடும். டிரைவ் நிரம்ப நிரம்ப அந்தப் பகுதியும் சுருங்கும். வாங்கும்போது செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சியா என்று கேளுங்கள், ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விடுங்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறை என்றால் ஒரு ஹீட்சிங்க்கும் வேண்டும். என்விஎம்இ சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. 1 டிபி டிஎல்சி டிரைவுக்கு வழக்கமாக 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். வாரம் 200 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 10 டிபிதான்.

பயப்பட வேண்டியது கரண்டுக்கு. தானே புயல் வந்த 2011ஐயும் ஃபெஞ்சல் புயல் வந்த 2024ஐயும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கேட்டலாக் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கேட்டலாக்கே கெட்டுப்போகலாம். அதனால் யுபிஎஸ் கட்டாயம். லைட்ரூம் தன் பேக்கப்பையும் கேட்டலாக் பக்கத்திலேயே, அதே டிரைவில் வைக்கும். அதை மாற்றி வேறு டிஸ்க்குக்குத் திருப்பிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் சாகும்முன் பெரும்பாலும் கரகரக்கும், எஸ்எஸ்டி பல நேரம் சத்தமே போடாமல் போய்விடும். டெலிவரி முடிந்த கல்யாணங்கள் எல்லாம் என்னிடம் இன்னமும் ஹார்ட் டிஸ்க்கில்தான், இரண்டு காப்பி. கரண்டே காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் போட்டுவைக்க எஸ்எஸ்டி ஏற்றதல்ல.

இப்போது விநாடிக்கு 10,000 எம்பியைத் தாண்டும் பிசிஐஇ 5.0 என்ற புதிய தலைமுறை எஸ்எஸ்டிகள் வந்திருக்கின்றன. நம் வேலைக்கு அது வேண்டாம். அந்தப் பணத்தில் ரேமை 32 ஜிபி ஆக்கிவிட்டு, மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டுக்கு எடுத்துவைக்கலாம். டீநாய்ஸுக்கு நான் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.