காட்டுப் பாதைக்கு பார்க்கிங் பாஸ் வாங்கப் போய் 74 டாலர் 95 சென்ட் போச்சு: வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பவர்கள் கவனிக்கவும்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஜூலை மாதம், வெயில் நன்றாக அடிக்கிறது, இந்த வாரக் கடைசியிலும் சியாட்டில் பக்கம் நம் ஆட்கள் பலர் பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்புவார்கள். அவர்களில் ஒருவராவது வெள்ளிக்கிழமை ராத்திரி அவசரத்தில் நான் செய்ததையே செய்வார்: அரசாங்கத் தளம் என்று நம்பி, எவனோ நடத்தும் தளத்தில் பாஸுக்குப் பணம் கட்டுவார். 74 டாலர் 95 சென்ட். 5 டாலரில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

அப்பாவும் அம்மாவும் தென்காசியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. "சாரல் நேரத்துல ஊரை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன்" என்று அப்பா தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். குற்றாலத்தில் தண்ணீர் விழும் படத்தை யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் அன்று முழுக்க அதே பேச்சுதான். அதனால் அருவியும் காடும் சேர்ந்து இருக்கிற இடமாகப் பார்த்து லேக் ட்வென்டி டூ போகலாம் என்று முடிவு செய்தோம். கிரானைட் ஃபால்ஸ் தாண்டி மவுண்டன் லூப் நெடுஞ்சாலையில், மவுண்ட் பேக்கர் ஸ்னோக்வால்மி தேசிய வனத்துக்குள் இருக்கிறது. போக வர ஐந்தரை மைல் வரும். வழி நெடுக பெரிய பெரிய செடார் மரங்கள், பக்கத்திலேயே அருவி, மேலே போனால் ஏரி. அம்மா முடிந்த வரை நடக்கட்டும், முடியாவிட்டால் அருவிப் பக்கம் உட்கார்ந்துகொள்ளட்டும் என்பது திட்டம்.

பாஸ் விஷயத்தில் நான் அசட்டையாக இருந்துவிட்டேன். எங்கள் காரில் டிஸ்கவர் பாஸ், அதாவது மாநில அரசு இடங்களில் கார் நிறுத்தும் பாஸ், எப்போதும் உண்டு. மவுண்ட் சை, வாலஸ் ஃபால்ஸ் எல்லாம் அதை வைத்துத்தான் போய் வந்திருக்கிறோம். ராட்டில்ஸ்நேக் ஏரிக்கு அதுகூட வேண்டாம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி பத்து மணிக்குத்தான் ஒரு தோழி, "டிஸ்கவர் பாஸ் அங்க செல்லாதுடி, அது மாநிலத்து இடத்துக்கு மட்டும். இது ஃபெடரல் காடு, நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் வேணும்" என்று மெசேஜ் போட்டாள். அவள் சொன்னது சரிதான். கார் நிறுத்தும் இடத்தை நடத்துவது யாரோ, மாநிலமோ ஃபெடரல் எனும் மத்திய அரசோ, அவர்களுடைய பாஸ்தான் செல்லும். ஆனால் இது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? லேக் ட்வென்டி டூவுக்குப் பக்கத்து மலை மவுண்ட் பில்ச்சக். பெயரில் மாநிலப் பூங்கா. ஆனால் கார் நிறுத்தும் இடத்தில் கேட்பது ஃபாரஸ்ட் பாஸ். வருஷக்கணக்காக இங்கே இருப்பவர்களே தடுமாறும் இடம் இது. அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துத்தான் இந்தக் கும்பல் வலை விரிக்கிறது.

அப்போது அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். ஃபாரஸ்ட் பாஸ் என்று தேடினேன். முதலில் வந்ததைத் தொட்டேன். அது விளம்பரம் என்று மேலே சின்ன எழுத்தில் இருந்ததை இப்போது போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது. பச்சை நிறம், மலை, ஊசியிலை மரம், மேலே கொடி போட்ட பட்டை. எந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் லேக் ட்வென்டி டூ என்று பெயரே இருந்தது! அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். நாம் போகிற பாதையின் பெயரையே இவ்வளவு சரியாக வைத்திருப்பவர்கள் அரசாங்கத்து ஆட்களாகத்தான் இருக்க வேண்டும் என்று மனசு தானாக நம்பிவிட்டது. கார் நம்பர் கேட்டார்கள், கொடுத்தேன். எத்தனை பேர் என்று கேட்டார்கள். 62 வயதுக்கு மேல் யாராவது உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றதும் 84 டாலர் 95 சென்ட் என்று இருந்த தொகை 10 டாலர் குறைந்து 74 டாலர் 95 சென்ட் ஆனது.

ஹாலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம், "அப்பா, உங்களால 10 டாலர் மிச்சம்" என்று சந்தோஷமாகக் கத்தினேன். அவருக்கும் பெருமை. "அப்போ நான் வந்தது நல்லதுதான்" என்றார். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

என் கணவர் மட்டும், "30 டாலர்னுல்ல ஞாபகம்?" என்றார். ஒரு வருஷம், எல்லா வனங்களும் என்று அதில் போட்டிருந்தது. நாடு முழுவதும் செல்லும் பாஸ், அதாவது அமெரிக்கா த பியூட்டிஃபுல் பாஸ், 80 டாலர் என்று எனக்குத் தெரியும். அதில் கொஞ்சம் தள்ளுபடி போக இந்தத் தொகை வருகிறது என்று நானே கணக்குப் போட்டு நானே சமாதானம் ஆகிவிட்டேன். யோசித்துத்தான் இந்த விலையை வைத்திருக்கிறார்கள். 200 டாலர் என்றால் யாரும் கட்ட மாட்டார்கள்.

கார்டில் பணம் போன அடுத்த நிமிஷம் மெயிலில் ஒரு தாள் வந்தது. பச்சைக் கரை, தற்காலிக பாஸ் என்று தலைப்பு, என் கார் நம்பர், கீழே ஒரு க்யூஆர் கட்டம். அச்சடித்துக் காரில் வைக்கவும் என்று போட்டிருந்தது. வீட்டில் அச்சடித்துக்கொள்ளும் ஒரு நாள் பாஸ் உண்மையிலேயே இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கிரானைட் ஃபால்ஸ் தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. வழியில் வெர்லாட்டில் வனத்துறை அலுவலகம் இருக்கிறது. அந்த நேரத்தில் திறந்திருக்கவில்லை. கையில்தான் பாஸ் இருக்கிறதே என்று நிற்காமல் போய்விட்டேன். தாளை டேஷ்போர்டில் எழுத்து வெளியே தெரியும்படி வைத்தேன், காற்றில் பறக்காமல் இருக்க மேலே மூக்குக்கண்ணாடிப் பெட்டியையும் வைத்தேன்.

நடை நன்றாகவே இருந்தது. அம்மா முதல் அருவி வரை வந்தார். அப்பா மேலே ஏரி வரைக்கும் ஏறி, பாறைச் சரிவில் இன்னும் உருகாமல் கிடந்த பனியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அது மட்டும்தான் அன்றைக்கு மிச்சம்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் வைப்பரில் ஒரு உறை செருகியிருக்கிறது. உள்ளே, செல்லத்தக்க பாஸ் இல்லை, கட்டணம் கட்டவும் என்று அறிவிப்பு. வெயிலில் சுருண்டுபோய் டேஷ்போர்டில் கிடக்கிறது என் 74 டாலர் 95 சென்ட் தாள்.

நேரே வெர்லாட் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த ரேஞ்சர் பெண்மணி தாளை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு கையோடு ஒரு உண்மையான பாஸை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வருஷ பாஸ் என்றால் வரிசை எண் போட்ட அட்டை, 30 டாலர். ஒரு நாளைக்கு 5 டாலர். வீட்டில் அச்சடிக்கும் ஒரு நாள் பாஸில் அந்த நாளின் தேதி இருக்கும். நான் வைத்திருந்தது இதில் எதுவும் இல்லை, வெறும் காகிதம். முதல் தடவை கட்டணம் கட்டாமல் மாட்டினால் சட்டப்படி 100 டாலர் வரைக்கும் அபராதம் போடலாமாம். எனக்கு வந்தது அபராதம் இல்லை, கட்டச் சொல்லும் அறிவிப்புதான் என்று அவரே ஆறுதல் சொன்னார்.

மூத்தோர் தள்ளுபடி பற்றிக் கேட்டேன். 62 வயதானவர்களுக்கு உண்மையிலேயே தனி பாஸ் உண்டு. வருஷத்துக்கு 20 டாலர், ஆயுள் முழுக்க 80 டாலர். ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். விசிட்டர் விசாவில் வந்தவருக்குக் கிடையாது. அதாவது அந்த 10 டாலர் தள்ளுபடியே பொய். பக்கத்தில் நின்ற அப்பா, "என்னம்மா சொல்லுதாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "என்னால மிச்சம்னு சொன்னியேம்மா" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. அவர் அந்த இடத்தில் என்னைத் திட்டியிருக்கலாம்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. இந்தக் கட்டணத்துக்கு அடிப்படை 2004ல் வந்த ஒரு சட்டம். கார் நிறுத்துவதற்கு மட்டும் என்று காசு வாங்க அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. கழிப்பறை, குப்பைத் தொட்டி, மேஜை, தகவல் பலகை என்று வசதிகள் செய்து கொடுத்த இடத்தில்தான் வாங்கலாம். வாங்கியதில் குறைந்தது 80 சதவீதம் வசூலான வனப் பகுதிக்கே திரும்பிப் போக வேண்டும். என் பணம் அந்தப் பாதைக்குப் போயிருந்தால் 74 டாலர் 95 சென்ட் ஆனாலும் நான் வருத்தப்பட மாட்டேன். அம்மா போய் வந்த கழிப்பறையைக் கழுவும் ஆளுக்கு, ஏரியைச் சுற்றி இருக்கும் பலகை நடைபாதைக்குப் போக வேண்டிய காசு இது. ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காத எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து எடுத்துக்கொண்டான்.

அங்கேயே இன்னொரு 30 டாலர் கட்டி உண்மையான வருஷ பாஸ் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தளத்தின் சாட்டில் எழுதினேன். "உங்கள் கோரிக்கையை மதிக்கிறோம், 48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்." ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. அதில் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன். பாட்டு, பாட்டு, பாட்டு, அப்புறம் தானாகவே கட். திங்கட்கிழமை மறுபடியும் சாட். இந்த முறை யாரோ ஒருவர் வந்து, "நீங்கள் வாங்கியது பாஸ் அல்ல, பாஸ் விண்ணப்பத்துக்கான உதவிச் சேவை. அரசு கட்டணம் தனி" என்றார். அப்படியானால் தாளில் ஏன் பாஸ் என்று போட்டீர்கள்? அதற்குப் பதில் இல்லை. விதிமுறைகளைப் படிக்கவும் என்று ஒரு இணைப்பு மட்டும் வந்தது. போய்ப் பார்த்தேன். பக்கத்தின் அடியில், சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்தில், எந்த அரசு அமைப்புடனும் தொடர்பு இல்லை என்று போட்டிருக்கிறது. அடுப்படியில் நின்று போனில் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். சேவை முடிந்துவிட்டதாம், முடிந்த சேவைக்கு ரீஃபண்ட் இல்லையாம். விடாமல் கேட்டதும், அடுத்த தடவை அவர்களிடமே வாங்கினால் பாதி விலை என்று ஒரு கூப்பன் நீட்டினார்கள். அவர்களிடமே! தாளில் இருந்த க்யூஆரை என் பையன் ஸ்கேன் செய்து பார்த்தான். அது திறந்தது அவர்களுடைய விற்பனைப் பக்கத்தைத்தான்.

செவ்வாய்க்கிழமை கார்டு வங்கிக்குப் போன் செய்து டிஸ்ப்யூட், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார், போட்டேன். வங்கியில் பேசிய பெண் முதல் கேள்வியாகக் கேட்டது, "நீங்களேதானே கட்டினீர்கள்?" ஆமாம், நானேதான் கட்டினேன். நம்பித்தான் கட்டினேன். தாளின் படம், வனத்துறை அறிவிப்பு, சாட்டில் பேசியது எல்லாம் அனுப்பியிருக்கிறேன். விசாரிப்போம், நாளாகும் என்கிறார்கள். 74 டாலர் 95 சென்ட் திரும்பி வருமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிராங்க்ளின் ஃபால்ஸ் போகலாமா என்று நேற்று அப்பாவிடம் கேட்டேன். "வேண்டாம்மா, உனக்கு எதுக்கு வீண் செலவு" என்கிறார். பாஸ் ஏற்கெனவே இருக்கிறது, அதே பாஸ் அங்கேயும் செல்லும் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. முக்கியமானது மட்டும் சொல்கிறேன். தேடலில் முதலில் வருவதைத் தொடாதீர்கள். முகவரி டாட் ஜிஓவி என்று முடியும் வனத்துறைப் பக்கத்தில் தொடங்கி, அவர்கள் காட்டும் இணைப்பு வழியாக மட்டும் வாங்குங்கள். நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் ஒரு நாளைக்கு 5, வருஷத்துக்கு 30. இதற்கு மேல் யார் கேட்டாலும் நிறுத்திவிட்டு யோசியுங்கள். போகிற இடம் மாநிலத்துடையதா ஃபெடரலா என்று வீட்டில் இருக்கும்போதே பாருங்கள், மலைக்குப் போனபின் சிக்னல் இருக்காது. முடிந்தால் வனத்துறை அலுவலகத்திலோ மலையேற்றச் சாமான் கடையிலோ நேரில் வாங்கிவிடுங்கள். அப்புறம், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா வயதைச் சொல்லி யாராவது தள்ளுபடி கொடுத்தால், தயவுசெய்து கார்டை வெளியே எடுக்காதீர்கள்.