நீர்க்கணக்கு: மோட்டார் ஓடிய நேரமா, மீட்டரா?

வயலுக்குப் பாய்ச்சும் நீரை அளக்கச் செலவில்லாத வழி, மோட்டார் ஓடிய நேரத்தைக் குறித்து வைப்பது. மோட்டார் நீரை டிரம்மில் பிடித்து வேகத்தைப் பாருங்கள்: 200 லிட்டர் டிரம் 20 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 36,000 லிட்டர். ஒரு ஹெக்டேரில் 3.6 மி.மீ. மழைக்குச் சமம். ஆனால் கிணற்றில் மட்டம் இறங்க இறங்க வரத்து குறையும். டிரம் சோதனையை அடிக்கடி செய்யாவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

குழாயில் பொருத்தும் நீர் மீட்டருக்கு அந்தக் கவலை இல்லை, ஓடிய தண்ணீரையே அளக்கிறது. குழாய் வளைவை ஒட்டி மட்டும் பொருத்தாதீர்கள், தப்பாகக் காட்டும்.

இழப்பைப் பிடிப்பதில்தான் மீட்டர் உண்மையில் முந்துகிறது. மோட்டாரருகே ஒன்று, வயலில் நீர் நுழையும் தலைப்பில் ஒன்று. வித்தியாசம்தான் வழியில் கசிந்தது. இரண்டு வாங்க முடியாதா? சரி, டிரம்மையே இரு முனையிலும் வைத்துப் பாருங்கள், பெரிய கசிவு தெரிந்துவிடும்.

வேருக்குக் கீழே இறங்கும் நீரை இரண்டுமே காட்டாது. அதற்கு மண்ணைத் தோண்டி ஈரம் பார்க்கத்தான் வேண்டும்.