'மக்கும் பை'யை நம்பி 2,10,000 போச்சு

இன்று காலைதான் கடைசி பதில் வந்தது: "உங்கள் புகார் முடிக்கப்பட்டது." யார் முடித்தார்கள்? என் 2,10,000 ரூபாய் இன்னும் பை விற்றவர்களிடம்தான் இருக்கிறது.

துணி தைத்துக் கூரியரில் அனுப்பும் சின்னத் தொழில் எனக்கு. பிளாஸ்டிக் உறையை விட்டொழித்து மக்கும் பைக்கு மாறலாம் என்று, 'பசுமை' சப்ளையர்கள் மட்டும் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு மொத்தக் கொள்முதல் தளத்துக்குப் போனேன். விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக். ஆனால் நான் விழுந்தது வீடியோ காலில். விற்பனைப் பிரதிநிதி திரையில் ஒரு சான்றிதழைக் காட்டினார். தங்க நிற முத்திரை, ஐஎஸ்ஓ 20400. "மேடம், உலகத் தரம் இது. சாம்பிளே தேவையில்லை." தலையாட்டிவிட்டு முழுத் தொகையையும் முன்பணமாகப் போட்டேன்.

ஐஎஸ்ஓ 20400 என்பது 2017இல் வந்த வழிகாட்டி. நிறுவனங்கள் பொறுப்போடு கொள்முதல் செய்வது எப்படி என்று சொல்வது, அவ்வளவுதான். அதற்குச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடே கிடையாது! இது எனக்குத் தெரிந்தது பணம் போன பிறகு.

இரண்டு பைகளை நறுக்கி மண்தொட்டியில் புதைத்தேன். மூன்று மாதம் கழித்துக் கிளறினால் நகமளவு துணுக்குகள், மண்கூட ஒட்டாமல் பளபளவென்று. கேட்டதற்கு, "தொழிற்சாலை உரக்கூடத்தில்தான் மக்கும் மேடம், 58 டிகிரி சூடு வேண்டும்" என்றார்கள். பிஎல்ஏ என்கிற, தாவர மாவுப்பொருளிலிருந்து செய்யும் பிளாஸ்டிக் பைகளுக்கு அது உண்மைதான், அதனால் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் ஒரு துண்டை டம்ளர் தண்ணீரில் அமுக்கி, காற்றுக்குமிழ் போக்கி விட்டேன். மிதந்தது. மக்கும் பைகளுக்கு வழக்கமாகப் போடும் பிஎல்ஏ, பிபிஏடி (இன்னொரு மக்கும் பிளாஸ்டிக்) இரண்டும் மூழ்கும், மிதப்பது பாலித்தீன்.

மக்கும் பேக்கேஜிங்குக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என் 13432; அதன் சோதனை அறிக்கை கேட்டேன். வேறொரு நிறுவனத்தின் அறிக்கை வந்தது, தடிமனும் வேறு. "48 மணி நேரத்தில் அழைக்கிறோம்" என்று ஐந்து முறை. தளத்துக்காரர்களோ, "நாங்கள் வெறும் சந்தைதான்." அப்போது அந்தப் பச்சை டிக்? "விற்பவர் தாமே அறிவித்தது." 2,10,000க்கு இதுதான் பதில்!

விளக்கமாக யோசனை சொல்லத்தான் ஆரம்பித்தேன், பொறுமை போய்விட்டது. சான்றிதழ் எண்ணை, அதைக் கொடுத்த அமைப்பின் தளத்திலேயே தேடுங்கள். பெயர், பொருள், தடிமன் மூன்றும் பொருந்த வேண்டும். அட்டைப்பெட்டிக்கு எஃப்எஸ்சி (பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளுக்கான சான்று) என்றால், ஆலையின் சான்றிதழைக் காட்டினால் போதாது; உங்களுக்கு விற்பவரின் பில்லிலேயே அவருடைய எஃப்எஸ்சி எண் இருக்க வேண்டும். முழு முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பதினோரு பெட்டிப் பைகள் மூலையில் கிடக்கின்றன. கூரியர்காரர் வந்துவிட்டார். 'நான் மண்ணோடு மண்ணாவேன்' என்று அச்சடித்த வரியை மார்க்கரால் அடித்துவிட்டு, அதிலேயே போட்டு அனுப்புகிறேன்.