தானியச் சந்தையைத் திறந்த இருவர்: துர்கோவும் லியோபோல்டும்

தானிய வணிகத்தின் கட்டுகளை அவிழ்த்தால் பஞ்சம் குறையும் என்று பிரான்ஸின் நிதி அமைச்சர் துர்கோவும் நம்பினார், இத்தாலியப் பகுதியான தஸ்கனியை ஆண்ட பீட்டர் லியோபோல்டும் நம்பினார். வேகத்தில்தான் இருவரும் பிரிந்தார்கள்.

நிதிப் பொறுப்பேற்ற மூன்றே வாரத்தில், 1774 செப்டம்பர் 13 அன்று, துர்கோ உள்நாட்டு வணிகத்தைத் திறந்துவிட்டார். ஏற்றுமதியை மட்டும் தொடவில்லை. அந்த ஆண்டு விளைச்சல் மோசம். பழைய தானியம் தீர்ந்து புது அறுவடை வராத வசந்த மாதங்களில் ரொட்டி விலை எகிறியது. 1775 ஏப்ரல், மே மாதங்களில் ‘மாவுப் போர்’ என்ற ரொட்டி விலைக் கலவரம் வெடித்தது. படையை இறக்கித்தான் அடக்கினார்கள். சட்டத்தைவிட அது வந்த நேரமே பெரிய பிழை என்பேன். அதன் பிறகும் அவர் நிதானிக்கவில்லை: 1776 தொடக்கத்தில் கைவினைஞர்களின் ‘கில்டு’ குழுமங்களையும் சாலை போடும் கட்டாய உழைப்பையும் ஒருசேர ஒழித்தார். பாரிஸ் பார்லமென்ட் நீதிமன்றம் எதிர்த்தது. மே மாதம் பதவி பறிபோனது.

லியோபோல்ட் 1764 பஞ்சத்தைக் கண்டு மிரண்டிருந்த நாட்டுக்கு வந்தவர். 1767இல் உள்நாட்டு வணிகத்தைத் திறந்தார். உள்நாட்டு விலை ஒரு வரம்பைத் தாண்டாதவரை மட்டுமே ஏற்றுமதியை அனுமதித்தார். முழுச் சுதந்திரம் 1775இல்தான். சிறிய நாடு, தடுக்கும் நீதிமன்றமும் இல்லை என்பது அவருக்குச் சாதகம். ஆனாலும் 1790இல் அவர் வியன்னா போனதும் தஸ்கனியிலும் கலவரம் மூண்டது.