டவுன் பஸ்ஸில் நின்று போக எந்த இடம் நல்லது: பின்பக்கமா, நடுவா, முன்பக்கமா?

நின்றுகொண்டு போகிறவருக்கு எவ்வளவு குலுக்கல் என்பது பெரும்பாலும் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. முன், பின் ஆக்சில்களுக்கு (சக்கரங்களைத் தாங்கும் அச்சுகளுக்கு) இடையே 5.6 மீட்டர் உள்ள பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். பின்சக்கரம் வேகத்தடையில் ஏறி, ஆக்சிலுக்கு நேர் மேலே தளம் 5 செ.மீ. தூக்கினால், நடுவில் நிற்பவருக்கு அது 2.5 செ.மீ. தான். பின் ஆக்சிலைத் தாண்டி 3 மீட்டரில், கடைசி சீட்டை ஒட்டி நிற்பவருக்கு 7.7 செ.மீ. ஏறக்குறைய மூன்று மடங்கு! முதுகில் அறுவை செய்துகொண்டவர்களும் கர்ப்பிணிகளும் அங்கே நிற்கவே கூடாது.

முன்பக்கம் இவ்வளவு மோசமில்லை. முன்னால் இன்ஜின் உள்ள பஸ்ஸில் அதன் நடுக்கம் காலில் ஏறும். ஆனால் வரும் பள்ளம் கண்ணாடி வழியே தெரிவதால் உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடும்.

முழங்கால் விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். காலை விறைப்பாக வைத்தால் உடம்பு 5 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 5 முறை) அளவில் ஒத்ததிர்கிறது, அதாவது அந்த வேகத்தில் வரும் குலுக்கலைப் பெரிதாக்குகிறது. மேலும் கீழுமான அதிர்வில் மனிதரை அதிகம் வருத்துவதாக உடம்பில் ஏறும் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631-1 என்ற சர்வதேசத் தரம் கொள்ளும் 4 முதல் 8 ஹெர்ட்ஸுக்குள்தான் அதுவும் விழுகிறது. முழங்காலை மடக்கினால் ஒத்ததிர்வு 3 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கும். அதற்கு மேற்பட்ட அதிர்வைக் கால்களே வாங்கிக்கொள்ளும். ஆனால் அதிகம் மடக்கினால் தொடை சீக்கிரம் சோர்ந்துவிடும். முழங்கால் விறைத்துப் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு லேசான வளைவு போதும்.

அடிக்கடி பிரேக் போடும் நகரச் சாலையில் ஜன்னலைப் பார்த்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். வளைவு மிகுந்த மலைப்பாதையில் முன்னோக்கி, ஒரு காலைக் குறுக்காக முன்வைப்பது மேல். தொங்கும் கைப்பிடியைவிடச் செங்குத்துக் கம்பி நல்லது. கைப்பிடி நம்மோடு சேர்ந்து ஆடும்.

கமான் பட்டை (அடுக்கிய இரும்புப் பட்டைகளாலான ஸ்பிரிங்) உள்ள பஸ், ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை) உள்ள பஸ் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஏர் சஸ்பென்ஷன் பஸ்ஸில் ஏறலாம். கமான் பட்டையின் விறைப்பு முழுக் கூட்டத்தையும் தாங்குவதற்கானது, அதனால் ஆள் குறைந்தால் தூக்கிப்போடும். பட்டைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் சின்ன மேடுகூட நேராகக் காலுக்கு வரும். ஏர் சஸ்பென்ஷனில் பாரத்துக்கேற்பக் காற்றழுத்தம் மாறுவதால் ஆட்டம் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். ஆனால் காற்றுப்பை கசிந்து பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றால் ஏறாதீர்கள்: பாடி ரப்பர் தடுப்பில் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு குழியும் இடியாகவே இறங்கும்.