93.47 டிஎம்சியை எழுத எத்தனை வழி: முழு சைபரா, லட்சம் கோடியா, பத்தோட அடுக்கா?

மேட்டூர் டேம் நிறைஞ்சா 93.47 டிஎம்சி. தர்மபுரி பசங்களுக்கு இந்த நம்பர் அத்துப்படி, ஒகேனக்கல்ல எத்தனை கன அடி வருதுன்னு வீட்லயே பேசுற ஊருங்க இது. நான் இங்க ஒன்பதாவது பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேன், அறிவியல் குறியீடு, அதாவது நம்பர பத்தோட அடுக்கா எழுதற பாடம் வந்தா இந்த நம்பர்லதான் ஆரம்பிப்பேன். ஒரு டிஎம்சின்னா ஆயிரம் மில்லியன் கன அடி, அப்ப 93.47 டிஎம்சிய முழுசா எழுதுங்கன்னு சொன்னேன்.

பென்னாகரத்துப் பையன் ஒருத்தன் 93470000000ன்னு எழுதிட்டு பென்சில் முனைய ஒவ்வொரு சைபர் மேலயும் வச்சு எண்ணினான், "அக்கா ஏழு சைபர் இருக்கு, அப்ப பத்து பவர் ஏழா?"ன்னான். இல்ல கண்ணு, சைபர எண்ணாத, புள்ளி எத்தனை இடம் நகருதுன்னு எண்ணு, 9க்கு அடுத்து புள்ளி வைக்கணும்னா பத்து இடம் இடது பக்கம் போகணும், அதனால 9.347 × 10¹⁰. முன்னாடி நிக்கிற நம்பர் 1லருந்து 10க்குள்ள இருக்கணும், 10 வரக்கூடாது, விதி அவ்ளோதான்.

முழுசா சைபர் போட்டு எழுதறது சின்ன நம்பருக்கு சரி, பதினோரு இலக்கத்துக்கு கண்ணு ஏமாந்துரும், ஒரு சைபர் விட்டா பத்து மடங்கு தப்பு.

லட்சம் கோடி நமக்கு வாயில வர்ற கணக்கு, அத நான் கொறச்சு சொல்லவே மாட்டேன். 9,347 கோடி கன அடின்னு சொன்னா பாட்டிக்கும் புரியும். ஆனா பெருக்க ஆரம்பிச்சா சிக்கல், கோடியும் லட்சமும் பெருக்கினா என்ன வரும்னு நின்னு யோசிக்கணும், பத்தோட அடுக்குல கோடி 10⁷, லட்சம் 10⁵, 7ஐயும் 5ஐயும் கூட்டினா 12, முடிஞ்சுது. சூரிய வெளிச்சம் நம்மகிட்ட வர சுமார் 500 செகண்ட், அதாவது 5 × 10² செகண்ட் ஆகுது, ஒளி வேகம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 3 × 10⁸ மீட்டர், அப்ப தூரம் 3ஐயும் 5ஐயும் பெருக்கி 15, அடுக்கு 8ம் 2ம் சேர்த்து 10, மொத்தம் 15 × 10¹⁰, அத ஒழுங்கா எழுதினா 1.5 × 10¹¹ மீட்டர். நீட் மாதிரி கால்குலேட்டர் இல்லாத பரீட்சைல இதுதான் கை குடுக்கும்.

சின்ன நம்பர்லதான் இதோட அருமை இன்னும் நல்லா தெரியும். நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி தண்ணில ஃப்ளோரைடு பிரச்சனை எல்லாருக்கும் தெரியும், பல்லு பழுப்பாகுறத பாத்து வளர்ந்த ஊருங்க. குடிக்கிற தண்ணில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. அத கிலோகிராம்ல எழுதினா 0.0000015, பசங்க புள்ளிக்கு அப்புறம் அஞ்சு சைபர் எண்ணிட்டு மைனஸ் அஞ்சுன்னு எழுதிடுவாங்க. 1ஐத் தாண்டி புள்ளி வரணும், அப்ப வலது பக்கம் ஆறு இடம், 1.5 × 10⁻⁶. ஆனா தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்ல மில்லிகிராம்னு போடறதுதான் நல்லது, வாசிக்கிறவங்களுக்கு உடனே அளவு மனசுல வரும். மில்லி, மைக்ரோ, கிலோ, மெகா எல்லாம் மூணு மூணு அடுக்கா போற முறை, அளக்கறவங்களுக்கு அது வசதி, கணக்கு போடறவங்களுக்கு பத்தோட அடுக்கு வசதி.

இன்னொரு விஷயத்துல பத்தோட அடுக்க எதுவும் மிஞ்ச முடியாது. 1500 மீட்டர்னு எழுதினா கடைசி ரெண்டு சைபர் நிஜமா அளந்ததா சும்மா ரவுண்டு பண்ணினதான்னு தெரியாது. 1.5 × 10³ன்னா ரெண்டு இலக்கம்தான் நம்பகம், 1.500 × 10³ன்னா நாலும் அளந்தது.

கூட்டறப்ப மட்டும் இது கொஞ்சம் படுத்தும். 3 × 10⁵ஓட 4 × 10⁴ஐ கூட்டச் சொன்னா 7 × 10⁹னு எழுதறவங்க உண்டு. மொதல்ல அடுக்க சமமாக்கணும், 4 × 10⁴ங்கறது 0.4 × 10⁵, அப்ப விடை 3.4 × 10⁵. லட்சத்துல யோசிச்சா மூணு லட்சமும் நாப்பதாயிரமும், மனசுலயே வந்துரும், அதனால கூட்டலுக்கு நான் லட்சத்தையே எடுத்துக்கச் சொல்வேன்.

கால்குலேட்டர்லயும் கம்ப்யூட்டர்லயும் நடுவுல இங்கிலீஷ் ஈ எழுத்து வரும், அதுக்கு அர்த்தம் "பெருக்கல் பத்தோட அடுக்கு". விடைத்தாள்ல அப்படி எழுதக்கூடாது. 10⁵ அடிக்க பத்து அழுத்திட்டு EXP (இல்ல ×10ˣ) பட்டன அழுத்தி அஞ்சு போட்டா அது 10⁶ ஆயிடும், பத்துக்குப் பதிலா ஒண்ணு அழுத்தணும். எக்செல்ல 12 இலக்க ஆதார் நம்பர அடிச்சா இந்த ஈ வடிவத்துல மாறித் தெரியும், அது பரவால்ல, நம்பர் உள்ள பத்திரமாதான் இருக்கும், ஆனா 15 இலக்கத்துக்கு மேல போற அக்கவுண்ட் நம்பர்ல கடைசி இலக்கங்கள் நிஜமாவே சைபராயிடும், திரும்பவும் வராது. அதனால அடிக்கறதுக்கு முன்னாடியே அந்த கட்டத்த டெக்ஸ்ட்னு மாத்திடுங்க.